தேதி சொல்லுங்கள், காத்திருப்பார்கள்

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு லாரியில் வந்து இறங்கும் ராட்டினத்துக்கு மலையூர்களில் தனி மரியாதை உண்டு. கொண்டுவந்தவர்கள் இரும்புத் துண்டுகளை இறக்குவார்கள். சரிவான தரையில் கட்டை அண்டக் கொடுத்துச் சமன் பார்ப்பார்கள். போல்ட்டை முறுக்கி முறுக்கி ஒரு பெரிய வட்டத்தை நிமிர்த்திவிடுவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் புத்தகப் பையை இறக்காமலே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நேற்று தரையில் கிடந்த இரும்பு இன்று எழுந்து நிற்கும். நாளை சாயங்காலம் சீரியல் செட் எரியும், சுற்றும். அந்தப் பிள்ளைகளுக்குக் காத்திருப்பு என்றால் அவ்வளவுதான்.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களின் ரைடுகளுக்காகக் காத்திருப்பது வேறு வகை. அறிவிப்பு வரும், வண்ணப் படம் வரும், ‘விரைவில்’ என்ற சொல் வரும். அப்புறம் ஆண்டுகள் போகும். எட்டு வயதில் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளை, அந்த ரைடு திறக்கும்போது கல்லூரிக்குப் போயிருக்கும்.

மிகையாகச் சொல்வதுபோல் தோன்றலாம். சென்னை வொண்டர்லாவின் கதை ஏறத்தாழ இதுதான். 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம், 2005-இல் பெங்களூரிலும் 2016-இல் ஐதராபாத்திலும் பூங்கா திறந்தது. சென்னைக்கு அருகே, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் நிலம் வாங்கி ஏறத்தாழ பத்தாண்டு ஆன பிறகே பூங்கா வந்தது. இடையில் புவனேஸ்வரம் முந்திக்கொண்டு 2024-இல் திறந்துவிட்டது. சென்னைப் பூங்கா திறந்தது 2025 டிசம்பர் தொடக்கத்தில். 64 ஏக்கர், 611 கோடி ரூபாய், 43 ரைடுகள்.

தாமதத்துக்குக் காரணம் இரும்போ சிமெண்டோ இல்லை, வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, உள்ளாட்சிகள் கேளிக்கை வரி வாங்கிக்கொள்ளத் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. பூங்கா நுழைவுச் சீட்டுக்கு ஜிஎஸ்டியும் உண்டு, அதன்மேல் இந்தக் கேளிக்கை வரி 10 விழுக்காடும் உண்டு. இரண்டையும் சுமந்தால் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டது. கடைசியில் 10 ஆண்டு விலக்கு கிடைத்த பிறகே வேலை சூடு பிடித்தது. அரசு வரி கேட்டதிலும் ஒரு நியாயம் உண்டு, நிறுவனம் கணக்குப் பார்த்ததிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் இத்தனை காலமும் ‘சென்னைக்கு வொண்டர்லா எப்போது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இந்தக் காரணத்தை எளிய தமிழில் யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. முதலீட்டாளர்களுக்கு எழுதும் காலாண்டு அறிக்கையில் அது இருந்திருக்கும். ரைடில் ஏறப்போகிறவர் காலாண்டு அறிக்கை படிப்பதில்லை.

ரைடு ரசிகர்கள் என்றொரு கூட்டம் தமிழ்நாட்டிலும் வளர்ந்துவிட்டது. எந்த ரோலர் கோஸ்டரை எந்த நாட்டு நிறுவனம் செய்தது, எத்தனை முறை தலைகீழாகும், தூண் எந்த மாதம் நட்டார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. மதில் சுவருக்கு வெளியே நின்று கிரேன் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இவர்களில் உண்டு. ‘விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று பெரியவர்கள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பது சரியில்லை. கிரிக்கெட் மைதானத்துக்குக் கூரை போடத் தாமதமானால் தலையங்கம் எழுதுகிற சமூகம் இது. நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்துப் போகிற இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்த ஏக்கம் தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் ‘ட்ரான்’ என்ற கோஸ்டரை 2017 ஜூலையில் அறிவித்தது. அதே வகை ரைடு சீனாவின் ஷாங்காயில் 2016 முதலே ஓடிக்கொண்டிருந்தது. அதாவது வரைபடம் கையில், அனுபவம் கையில், பணமும் கையில். 2021-இல் வரும் பூங்காவின் பொன்விழாவுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். திறந்தது 2023 ஏப்ரல் 4. நடுவே கொரோனா வந்தது உண்மை. 2020-இல் பூங்காவே நான்கு மாதம் மூடிக் கிடந்தது. ஆனாலும் ஆறு ஆண்டுக்குச் சற்றே குறைவான அந்தக் காத்திருப்பில் ரசிகர்களை அதிகம் எரிச்சலூட்டியது, பொன்விழா நெருங்க நெருங்க நிறுவனம் தேதியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்ததுதான். உலகத்திலேயே பெரிய கேளிக்கை நிறுவனம் இப்படி என்றால், மற்றவர்களிடம் எதை எதிர்பார்ப்பது?

அவசரப்படுத்துவதற்கும் விவரம் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் எழும்புவதற்கு முன்னால் பல மாதங்கள் மண்ணுக்குள்தான் வேலை நடக்கும். மண் பரிசோதனை, ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி அடித்தளம், அதில் பதிக்கும் போல்ட் மில்லிமீட்டர் பிசகாமல் நிற்க வேண்டிய கட்டாயம். தண்டவாளம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். சென்னைப் பூங்காவின் பெரிய கோஸ்டரான ‘தஞ்சோரா’வைச் செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம். தண்டவாளத்துக்குக் கீழே இருக்கை தொங்க, கால் அந்தரத்தில் ஆட, பயணி பறக்கிற வகை. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகும் ஆளை ஏற்றிவிட முடியாது. மனிதர்களின் எடைக்கு ஈடாகத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து, வெயிலிலும் மழையிலும் ஓடவிட்டு, நடுவழியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘அதான் ஓடுகிறதே, ஏன் இன்னும் திறக்கவில்லை?’ என்று தோன்றுகிற கட்டம் இது. இதைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் புதிய ரைடு ஒன்றின் சோதனை ஓட்டத்திலேயே விபத்து நேர்ந்தது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். 2007 நவம்பரில் பழனி ரோப்கார் அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். அது 2004-இல்தான் ஓடத் தொடங்கியிருந்தது. 2025 மே கடைசியில் சென்னை ஈஞ்சம்பாக்கத்து விஜிபி பூங்காவின் ரைடில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயரத்தில் சிக்கி, மூன்று மணி நேரம்போல் அந்தரத்தில் தவித்து, தீயணைப்புத் துறையின் கிரேன் வந்து இறங்கினார்கள். அன்று எல்லோரும் பத்திரமாகத் தரைக்கு வந்ததே பெரிது. இத்தனைக்கும் பிறகு ‘சீக்கிரம் திற’ என்று கத்த எந்த ரசிகருக்கும் மனம் வராது; வரவும் கூடாது.

ஆனால் பாதுகாப்பைக் காட்டி மௌனத்தை நியாயப்படுத்த முடியாது. பழனியிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. ரோப்காரை மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதத்துக்கும் மேலாக நிறுத்தி, கம்பி வடம் முதல் உருளை வரை பார்க்கிறார்கள். முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பக்தர்கள் முணுமுணுப்பதில்லை, 1966 முதல் ஓடுகிற வின்ச் என்ற இழுவை ரயிலில் ஏறிக்கொள்கிறார்கள், அல்லது படியேறுகிறார்கள். எத்தனை நாள், எதற்காக என்று தெரிந்தால் தமிழர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். அதே பழனியில் 2018-இல் வேலை தொடங்கிய இரண்டாவது ரோப்கார் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதே, அதைப் பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ஊர் ஒன்று, நிர்வாகமும் ஒன்று. ஒன்றில் தேதி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. மக்களின் பொறுமையும் அதற்குத் தக்கபடிதான்.

சோளிங்கர் மலைக்கோயில் ரோப்காரும் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் திறந்தது. கரூர் மாவட்டம் அய்யர்மலையில் 1,017 படிகள். முழங்கால் வலிக்காரர்கள் நெடுங்காலம் எதிர்பார்த்த ரோப்கார் 2024 ஜூலையில் ஓடத் தொடங்கியது. மறுநாளே பலத்த காற்றில் பெட்டி நடுவழியில் நின்று, பக்தர்கள் பதறிப்போனார்கள். நீண்ட தாமதம் ஒருபுறம், திறந்த மறுநாளே கோளாறு மறுபுறம். காத்திருந்தவர்கள் இரண்டு வகையிலும் ஏமாந்தார்கள்.

இனி நீலகிரிக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் மிகப் பழைய ரைடு எது என்றால் மலை ரயில்தான். அதைப் போக்குவரத்து என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறுகிற நூறு பேரில் எத்தனை பேர் இன்று வேலைக்குப் போக ஏறுகிறார்கள்? அந்த ரயில் வர எத்தனை ஆண்டு ஆயின தெரியுமா? முதல் யோசனை 1854. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிக்கன்பாக் திட்டம் கொடுத்தார், கம்பெனி அமைந்தது, பணம் தேறவில்லை. 1891-இல் மண் வெட்டினார்கள். அந்தக் கம்பெனி நொடித்தது, வேறு கம்பெனி வாங்கியது. குன்னூருக்கு வந்து சேர்ந்தது 1899. ஊட்டியைத் தொட்டது 1908. யோசனைக்கும் கடைசி நிலையத்துக்கும் நடுவே 54 ஆண்டு. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்ற கணக்கைப் பார்த்தால் அந்த ஆண்டுகளுக்கு ஓரளவு அர்த்தம் விளங்கும். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவே பல் தண்டவாளம் பதித்தார்கள். ரோலர் கோஸ்டர் மேட்டில் ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்கிறதே, பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்ளும் பல், அதற்கும் இதற்கும் உறவு உண்டு. அந்தப் பல் ரயில் நுட்பமும் சுவிஸ், பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சினும் சுவிஸ், இன்றைய இள்ளலூர் கோஸ்டரும் சுவிஸ். மலை ஏறும் வித்தையை அந்தச் சிறு நாட்டிடமே தமிழ்நாடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த 54 ஆண்டுக் கதையை இன்று ஆண்டுவாரியாகச் சொல்ல முடிகிறதே, அது ஏன்? எங்கே நின்றது, எதனால் நின்றது என்று எழுதிவைத்தார்கள். இன்றைய ரைடுகளின் தாமதத்தை நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால் கையில் என்ன கிடைக்கும்?

கோத்தகிரிக்கு அந்த ரயில் வரவே இல்லை. நீலகிரிக்கு முதலில் பாதை போட்டது இந்தப் பக்கம்தான். 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் வந்து தங்கிய கன்னேரிமுக்கு இங்கேதான் இருக்கிறது. பிறகு குன்னூர் பாதை வலுத்தது, ரயிலும் அந்தப் பக்கமே ஏறியது. கோத்தகிரிப் பிள்ளைகள் ரயில் சத்தம் கேட்க வேண்டுமானால் 20 கிலோமீட்டர் தள்ளிக் குன்னூருக்குப் போக வேண்டும். ராட்டினத்துக்கு அப்பாற்பட்ட ரைடு வேண்டுமானால் மலையே இறங்கி மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டருக்கோ கோவைக்கோ போக வேண்டும். விடியற்காலை பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி, கீழே வெயில். இத்தனையும் தாண்டி டிக்கெட் வாங்கி உள்ளே போன பிறகு, ஆசைப்பட்டு வந்த ரைடின் வாசலில் கயிறு கட்டி ‘பராமரிப்பு’ என்று அட்டை தொங்குவதைப் பார்த்த குழந்தையின் முகத்தை மலையூர்ப் பெற்றோர்கள் அறிவார்கள். எந்தப் பூங்காவுக்கும் நேரலாம் இது, பராமரிப்பும் அவசியமே. அந்த அட்டை டிக்கெட் கவுண்டருக்கு வெளியே தொங்க வேண்டும் என்பதுதான் கேட்பது. இன்று எந்தெந்த ரைடு ஓடாது, எப்போது திரும்பும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்தால், இன்னொரு நாள் வரலாமா என்று அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும்.

‘அப்படியானால் கோத்தகிரியிலேயே ஒரு பெரிய பூங்கா கட்டிவிடலாமே’ என்று யாராவது சொன்னால், கூடாது என்பதே நேர்மையான பதில். இந்த மலையில் 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜேசிபி இறக்கக்கூட ஆட்சியர் அலுவலக அனுமதி வேண்டும். 2009 நவம்பர் மழையில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைக் கோத்தகிரி, குன்னூர், கேத்தி மக்கள் மறக்கவில்லை. வண்டிகள் தாங்காமல் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் முதல், கோடைக்காக, நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே கட்டியது. இங்கே ஒரு ரைடுக்கு அனுமதி தாமதமானால் அது குறையில்லை, மலையைக் காப்பாற்றுகிற வேலை. ரைடு ரசிகர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோடநாடு காட்சி முனையில் நின்றால் கால் அடியில் தெரிகிற பள்ளம் எந்தக் கோஸ்டரும் தராத ஒன்று.

சங்கடம் எங்கே என்றால், கட்டவும் மாட்டார்கள், கைவிட்டோம் என்று சொல்லவும் மாட்டார்கள். ஊட்டிக்கு ரோப்வே என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. சாத்தியக்கூறு ஆய்வு என்பார்கள், அடங்கிவிடும். சில ஆண்டு கழித்துப் பட்ஜெட் சமயத்தில் மறுபடி தலைகாட்டும். ஆய்வு செய்து, ‘இந்த மண்ணுக்கும் யானை வழிக்கும் இது ஒத்துவராது’ என்று முடிவு வந்தால் அதையும் அறிவிக்கலாமே. வராது என்று தெரிந்துகொள்வதும் ஒரு நிம்மதிதான். ஆசை காட்டி நடுவில் விடுவதுதான் மனத்தை அரிக்கிறது.

வீடு கட்டுகிறவருக்கு இந்த நாட்டில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பெரிய அடுக்குமாடித் திட்டம் எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். முடிக்கும் தேதியைச் சொல்ல வேண்டும். வேலை எவ்வளவு முடிந்தது என்று காலாண்டுக்கு ஒரு முறை பொதுவில் காட்ட வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கட்டியவருக்கு உள்ள உரிமை அப்படியே ரைடு ரசிகருக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அரசுப் பணத்தில் கட்டும் ரோப்கார், பூங்கா, சாகச விளையாட்டு எதுவானாலும் வேலியில் ஒரு பலகை வைக்கலாம். தொடங்கிய நாள், முடிக்க நினைத்த நாள், இப்போது நிற்கிற கட்டம், நின்றிருந்தால் அதன் காரணம். சாலைப் பணிக்குத் திட்ட மதிப்பும் ஒப்பந்ததாரர் பெயரும் எழுதிப் பலகை வைக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே. அதில் இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். தனியார் பூங்காக்களுக்குச் சட்டம்கூடத் தேவையில்லை. மாதம் ஒரு படமும் நான்கு வரியும் போட்டால், ரசிகர்களே அதை ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள். விளம்பரச் செலவு மிச்சம்.

இதில் மலை ரயிலின் அனுபவமே கைகொடுக்கிறது. மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுவது வழக்கம். ரயில்வேயின் சேலம் கோட்டம் ‘இன்ன தேதி வரை ரத்து, மண்சரிவு, சீரமைப்பு நடக்கிறது’ என்று அறிவிக்கும். வெகு நாள் முன்பே பதிவு செய்துவிட்டுக் கேரளத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். ஆனாலும் அடுத்த ஆண்டு மறுபடி பதிவு செய்கிறார்கள். சுவிஸ் எஞ்சின்கள் மூப்பெய்தியபோது, அதே எக்ஸ் ரகத்தில் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்துகொடுத்தது. அவசரமாக நடந்த வேலை இல்லை அது. ஒவ்வொரு எஞ்சினும் பணிமனையை விட்டுக் கிளம்பிய நாளை ரயில் ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியோடு நீலகிரியின் கோடை விழா தொடங்கும். பூசணியிலும் கேரட்டிலும் செய்த உருவங்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நேரே ஓடுவது ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும்தான். இனிமேல் அங்கே ஓர் ஊஞ்சல் அறுந்தாலும், அதன் கம்பத்தில் ‘ஜூன் 10-க்குள் சரியாகும்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் படித்துவிட்டு, ஜூன் 10-க்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கும்.